பொறியும் பொறி திருத்துவோரும்: ஐதராபாத் நகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை ஆண்ட மன்னரையும், அவர் எழுப்பிய மாடங்களையும், நிகழ்த்திய போர்களையும் எழுதுவது வழக்கம். ஐதராபாத் என்றவுடன் சார்மினாரும் கோல்கொண்டாவும் நம் கண்முன் நிற்கின்றன. சார்மினாரை 1591-ஆம் ஆண்டில் எழுப்பியவர் முகம்மது குலி குதுப்சா என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அதன் நான்கு திசைகளிலும் 1889-ஆம் ஆண்டில் கடிகாரங்கள் பொருத்தப்பட்டன என்பதையும் நூல்கள் கூறும். ஆயின், அக்கடிகாரங்கள் நின்றபோதெல்லாம் ஏணி வைத்து ஏறி, தூசி துடைத்து, எண்ணெய் இட்டு, மீண்டும் ஓடச் செய்த கைகள் எவருடையவை? அதனைக் கூறும் நூலை யான் கண்டிலேன்.

கட்டியவன் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. காத்தவன் பெயர் காற்றோடு போகிறது. இக்குறையை ஒரு சிறு மூலையிலேனும் நீக்க வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். காசு பெற்றுக்கொண்டு பண்டமோ களிப்போ தரும் பொறிகளையும், அவற்றைத் திருத்தி வாழ்ந்த தொழிலாளரையும் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றேன்.

பொறி என்னும் சொல்

பொறி என்பது நமக்குப் புதிய சொல் அன்று. கரும்பு பிழியும் எந்திரத்தைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். மதுரை மதிலின்மேல் அமைந்திருந்த போர்ப் பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்திக் கூறுகிறது. சீவக சிந்தாமணியில், சச்சந்தன் தன் தேவி விசயையைக் காப்பதற்காக மயிற்பொறி செய்விக்கிறான். அப்பொறியில் ஏறியே அவள் பகைவரிடமிருந்து தப்புகிறாள். பெருங்கதையில், உதயணனைச் சிறைப்பிடிக்க உஞ்சை வேந்தன் வீரர்களை உள்ளே மறைத்த எந்திர யானையை அனுப்புகிறான்.

இவற்றுள் ஒரு நுட்பம் காணத்தக்கது. மயிற்பொறியை ஏவும் முறையை விசயை முன்னரே பயின்றிருந்தாள். செய்த தச்சன் உடன் வர இயலாத இடத்தில், பொறியின் இயல்பறிந்த ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பதை அந்நூலாசிரியர் உணர்ந்திருந்தார். பொறி செய்தல் ஒரு கலை. அதன் போக்கறிந்து நடத்துதல் பிறிதொரு கலை. பழுதுற்றபோது திருத்துதல் மூன்றாவது கலை. முதற்கலைக்குப் புகழும், இரண்டாவதற்குப் பயனும் கிட்டின. மூன்றாவதற்குக் கிட்டியது கூலி மட்டுமே.

காசு பெறும் பொறியின் பிறப்பு

காசு இட்டால் பண்டம் தரும் பொறி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்னும் கிரேக்க அறிஞர், கோயிலில் புனித நீர் வழங்கும் பொறி ஒன்றை விவரித்துள்ளார். இட்ட காசு ஒரு தட்டில் விழும். தட்டின் பாரத்தால் நெம்புகோல் ஒரு புறம் தாழும். மறுபுறம் அடைப்பு உயர்ந்து நீர் வழியும். தட்டு சாய்ந்து காசு நழுவியதும் அடைப்பு மூடிக்கொள்ளும். அவ்வளவே. பிற்காலப் பொறிகள் பலவற்றின் உயிர்நாடியும் இதுவே.

ஆயினும் இத்தொழில் வாணிகமாக வளர்ந்தது 1880-களில்தான். இலண்டனில் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை விற்கும் பொறியையும், காசு இட்டு எடை காணும் பொறியையும் உருவாக்கினார். 1888-இல் நியூயார்க் நகரத்து உயர்மட்ட இரயில் நிலையங்களில் மெல்லும் பசை விற்கும் பொறிகள் தோன்றின. இப்பொறிகள் இரயில் நிலையங்களை நாடியதற்குக் காரணம் உண்டு. அங்கே மக்கள் காத்திருப்பர், கையில் சில்லறை இருக்கும், பொழுது போகாது. இம்மூன்றும் ஒருங்கு கூடிய இடம் வேறு எது?

இரயிலும் தமிழரும்

நம் நகரத்திற்கு இரயில் வந்தது 1874-ஆம் ஆண்டில். வாடி சந்திப்பிலிருந்து செகந்தராபாத் வரை அப்பாதை அமைந்தது. நாம்பள்ளி நிலையம் 1907-லும், காச்சிகுடா நிலையம் 1916-லும் எழுந்தன. லாலாகுடாவில் இரயில் தொழிற்பட்டறை 1893-இல் நிறுவப்பெற்றது.

இவ்வரலாற்றோடு நம் குடும்பங்களின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. 1806-இல் சிக்கந்தர் சா பெயரால் அமைந்த செகந்தராபாத் பாசறை நகருக்குச் சென்னைப் படையுடன் வந்தவர் பலர். படைக்குப் பண்டம் வழங்க வந்தவர் சிலர். பின்னர் இரயில் அலுவலுக்கும் பட்டறை வேலைக்கும் வந்தவர் பலர். மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் பொலாரத்திலும் தமிழ் ஒலித்தது இவ்வாறே. எழுதுகோல் பிடித்து வந்தவரை நாம் நினைவுகூர்கிறோம். திருப்புளியும் அரமும் பிடித்து வந்தவரை அத்துணை நினைப்பதில்லை.

இரயில் நிலைய நடைமேடைகளில் நின்ற எடை பார்க்கும் எந்திரத்தை நம்முள் நடுவயது கடந்தோர் அனைவரும் அறிவர். வண்ண விளக்குகள் மின்ன, கண்ணாடிக்குள் வட்டத்தகடு சுழல, காசு இட்டதும் ஒரு சிறு அட்டைச் சீட்டு வந்து விழும். ஒருபுறம் எடை, மறுபுறம் நம் குணநலனோ எதிர்காலமோ கூறும் வாசகம். சிலவற்றில் திரைப்பட நடிகர் படமும் இருக்கும். அளவைப் பொறி, விற்பனைப் பொறி, களிப்புப் பொறி ஆகிய மூன்றும் ஒன்றாய் அமைந்தது அது.

யான் சிறுவனாய் இருந்த காலத்தே, ஓர் இரயில் நிலையத்தில் அத்தகைய எந்திரத்தில் பத்துப் பைசா இட்டேன். விளக்கு மின்னியது, சீட்டு வரவில்லை. தந்தையார் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். அப்பொழுது காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் தோளில் பையுடன் வந்து பின்கதவைத் திறந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே உரையாடினார். காசு செல்லும் தடத்திலிருந்து, தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய சோடாப் புட்டி மூடி ஒன்றைக் குறட்டால் எடுத்துக் காட்டி, "எந்திரம் பொய் சொல்லாது தம்பி. யாரோ போட்ட பொய்யை முழுங்கிட்டுது, தொண்டை அடைச்சுக்கிட்டுது" என்றார். பின்னர் என் காசுக்குரிய சீட்டையும் கொடுத்தார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. இன்று எண்ணுங்கால் அதுவே பெருங்குறையாகத் தோன்றுகிறது.

பொறியின் அகம்

எடை பார்க்கும் எந்திரத்தின் அடியில் நெம்புகோல்கள் உள்ளன. நாம் மேடைமேல் நின்றதும் நம் பாரத்தை அவை படிப்படியாகக் குறைத்து, மேலே உள்ள சுருள்வில்லுக்கோ எதிர்ப்பாரத்திற்கோ கொண்டு செல்லும். நெம்புகோல் தங்கும் இடம் கத்திமுனை போல் கூர்மையாக இருக்கும். அம்முனை மழுங்கினால் எடை பிறழும். நடைமேடைத் தூசியும், மழைக்காலத்து ஈரமும், மேடைமேல் மூட்டையைத் தொப்பென்று போடுவோரின் அவசரமும் அம்முனைக்குப் பகை.

காசு செல்லும் தடம் இன்னும் நுட்பமானது. முதலில் துளையின் அளவே பெரிய காசைத் தடுத்துவிடும். சிறிய காசு இடைவழியில் நழுவித் திரும்பிவிடும். அடுத்து ஒரு தொட்டில். உரிய எடை உள்ள காசு மட்டுமே அதனைச் சாய்க்கும். பின்னர் ஒரு காந்தம். இரும்புத் தகட்டை அது பற்றி நிறுத்தும். காந்தத்தில் ஒட்டாத உலோகமும், வலிய காந்தத்தைக் கடந்து ஓடுங்கால், தன்னுள் எழும் சுழல் மின்னோட்டத்தால் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. எனவே நல்ல காசு ஒரு வழியிலும் போலிக் காசு மற்றொரு வழியிலும் விழுமாறு தடத்தை அமைக்கலாம். ஒரு மயிரிழை கோணினாலும் நல்லது தள்ளுண்டு தீயது ஏற்கப்படும். அக்கோணத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிபவரே தேர்ந்த தொழிலாளர்.

இத்தொழிலில் பணப்பெட்டியின் சாவி வேறு, பொறிக் கதவின் சாவி வேறாக வைத்திருப்பது வழக்கம். எனினும் தடத்தில் சிக்கிய காசுகள் திருத்துவோர் கையில்தான் முதலில் விழும். எண்ணிப் பார்ப்பவர் எவரும் அருகில் இரார். நேர்மையை இத்துணைத் தனிமையில் சோதிக்கும் தொழில்கள் சிலவே.

நாணயம் மாறியபோது

காசுப் பொறி காசின் முகத்தைப் பார்ப்பதில்லை. அளவும் எடையும் உலோகமுமே அதற்குத் தெரியும். ஆகவே அரசு நாணயத்தை மாற்றுந்தோறும் திருத்துவோர்க்கு வேலை பிறக்கும். நம் நகரம் இவ்வகையில் தனிச்சிறப்பு உடையது. நிசாம் ஆட்சியில் இங்கே ஹாலி சிக்கா என்னும் தனி நாணயம் வழங்கியது. ஆங்கிலேயரின் ரூபாய் ஆறுக்கு ஹாலி ரூபாய் ஏழு என்பது கணக்கு. ஏரிக்கு இப்பால் ஒரு ரூபாய், அப்பால் ஒரு ரூபாய். பெயர் ஒன்று, மதிப்பு இரண்டு. நாணயம் மாற்றுவோர் கடைகள் தழைத்த அந்நகரில், ஒரே காசை நம்பி நிற்கும் பொறிக்கு எளிதில் இடம் ஏது? 1948-க்குப் பின் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த நகரில், 1950-களில் ஹாலி சிக்கா வழக்கொழிந்தது.

அதன்பின் 1957 ஏப்பிரல் முதல் நாள் அணாக் கணக்கு நீங்கி, ரூபாய்க்கு நூறு புதுப்பைசா என்னும் கணக்கு வந்தது. 1958-லிருந்து பவுண்டும் சேரும் நீங்கிக் கிலோகிராம் வழக்கத்திற்கு வந்தது. ஓர் எடை எந்திரத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்: வாயில் புகும் காசும் மாறியது, வாய் திறந்து சொல்லும் எடையும் மாறியது. காசுத்தடத்தை மாற்ற வேண்டும். முகத்தட்டை மாற்ற வேண்டும். சீட்டு அச்சையும் மாற்ற வேண்டும். சட்டம் தில்லியில் இயற்றப்பட்டது. அதனைப் பொறிக்குள் நிறைவேற்றியவை தொழிலாளர் விரல்கள்.

1992-இல் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் துருவேறா எஃகால் ஆக்கப்பெற்றது. இரும்புத் தகட்டைப் பிடிக்கக் காந்தம் வைத்திருந்த பழைய தடம் எதுவாயினும், அது அரசின் நாணயத்தையே கள்ளக்காசு எனப் பிடித்து நிறுத்தும்! இதனினும் பெரிய சிக்கல் 2011-இல் நேர்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த புதிய இரண்டு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 1992-ஆம் ஆண்டு வகை ஒரு ரூபாய் நாணயத்தின் அளவும் எடையும் அவையே. எண்ணைப் படிக்கும் மனிதனுக்கு வேற்றுமை தெரியும், பொறிக்குத் தெரியுமா? அதே ஆண்டு சூன் 30-க்குப் பின் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவை ஆயின. மாதிரிக் காசு ஒன்றை உள்ளே வைத்து, விழும் காசை மின்சுருளால் அதனுடன் ஒப்பிட்டு ஏற்கும் தடங்கள் களிப்புக் கூடங்களில் பரவியமைக்கு ஒரு காரணம் விளங்கும். காசு மாறினால் மாதிரியை மாற்றினால் போதும்.

களிப்புப் பொறிகள்

ஐதராபாத்தின் களிப்புப் பொறிகளுள் முதலில் நினைக்கத்தக்கது நுமாயிஷ் எனப்படும் பொருட்காட்சி. 1938-இல் பொதுப் பூங்காவில் தொடங்கிய அது, 1946-இல் நாம்பள்ளித் திடலுக்கு மாறியது. அரசியல் குழப்பத்தால் இரண்டாண்டு தடைப்பட்டு, 1949-இல் மீண்டும் நடைபெற்றபோது அதனைத் திறந்து வைத்தவர் அந்நாளைய கவர்னர் செனரல் இராசாசி என்பது தமிழர்க்கு உவகை தரும் செய்தி. ஆண்டுதோறும் சனவரியில் தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதி வரை நடப்பது அதன் மரபு. அதன் வருவாய் கல்விக்கூடங்களை வளர்க்கிறது.

அங்குச் சுழலும் இராட்டினத்தில் நம் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கிறோம். அவ்விராட்டினம் ஊர் ஊராகப் பிரித்துக் கொண்டுபோய்ப் பூட்டப்படுவது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திருகும் புதிதாக முடுக்கப்படுகிறது. எடை எந்திரத்தில் திருத்துவோன் தவறினால் காசு போகும்; இராட்டினத்தில் தவறினால் உயிர் போகும். மேலே செல்லும் குழந்தை கையசைக்கும்போது, கீழே ஒருவன் தாங்கியின் ஓசையைச் செவி சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வழக்கமான ஓசையில் ஒரு சிறு கரகரப்பு எழுந்தால் நிறுத்தத் துணிவது அவன் கடமை. வரிசையில் காத்திருப்போரும் முதலாளியும் ஒருங்கே முணுமுணுப்பர். அம்முணுமுணுப்பைத் தாங்குவதும் அத்தொழிலின் பகுதியே.

இரண்டாவது, சாலார்சங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரம். மூன்றாம் சாலார்சங் மீர் யூசுப் அலிகான் திரட்டிய அரும்பொருள்களைக் கொண்ட அவ்வருங்காட்சியகம் 1951 திசம்பர் 16 அன்று திவான் தேவடியில் நேருவால் திறக்கப்பெற்று, 1968-இல் மூசி ஆற்றங்கரையில் உள்ள இப்போதைய கட்டடத்திற்கு மாறியது. கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்திடம் வாங்கிய அக்கடிகாரத்தில், மணிதோறும் தாடி வைத்த சிறு பொம்மை மனிதன் கதவு திறந்து வந்து, மணிக்கு ஏற்ப அடித்துவிட்டு உள்ளே போகிறான். பிறிதொரு கொல்லன் பொம்மை ஓயாது சம்மட்டி அடிக்கிறது. நண்பகல் நெருங்கினால் நூற்றுக்கணக்கானோர் குழுமுகின்றனர். பன்னிரண்டு அடி முடிந்ததும் குழந்தைகள் கைதட்டுகின்றனர்.

அக்கைதட்டல் யாருக்குரியது? பொம்மைக்கா, செய்த நிறுவனத்திற்கா, வாங்கிய பிரபுவுக்கா? நூறாண்டு கடந்த சக்கரங்கள் இன்றும் சுழலுமாறு காத்த பெயரறியாக் கைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பெற்ற புலிப்பொறி, 1799-இல் கைப்பற்றப்பட்டுப் பின்னர் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் குண்டு வீச்சால் கூரை இடிந்து அது நூற்றுக்கணக்கான துண்டுகளாய்ச் சிதறியது. போருக்குப்பின் பொறுமையோடு இணைத்தனர். இன்று காண்போர் திப்புவைப் பேசுகின்றனர். இணைத்தவரைப் பேசுவார் இலர்.

கற்ற முறை

இத்தொழிலைப் பெரும்பாலோர் கற்றது பட்டறையில்தான். பழைய பொறியைப் பிரித்து, பரப்பி, மீண்டும் பூட்டுவதே பாடம். தமிழகத்தில் இதற்கு ஒளிமிக்க சான்று கோவை கோ. து. நாயுடு (1893–1974). ஓர் ஆங்கில அலுவலரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து, அவ்வண்டியை வாங்கி, முதற்காரியமாக அதனைப் பிரித்துப் பார்த்தவர் அவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கினார். பிரித்தறிந்த கையே பின்னர்ப் புதியன படைத்தது.

ஐதராபாத்தில் இராணிகஞ்சின் இரும்புக் கடைகளும், கோட்டியின் மின்பொருள் சந்துகளும் இத்தகைய கல்விக்கூடங்களே. அங்கே உருதுவும் தெலுங்கும் தமிழும் கலந்த ஒரு பட்டறை மொழி வழங்குகிறது. உறுப்பின் பெயர் தெரியாவிடினும் பழைய உறுப்பைக் கையில் காட்டினால் போதும். கடைக்காரர் இணையானதை எடுத்து வைப்பார்.

எனினும் இது கட்டற்ற தொழில் அன்று. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, எடை அளவைக் கருவிகளைச் செய்வோரும் விற்போரும் மட்டுமன்றித் திருத்துவோரும் உரிமம் பெற வேண்டும். திருத்துவோன் கையில்தான் அளவின் நேர்மை இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று.

இன்றைய நிலை

நடைமேடை எடை எந்திரங்கள் இன்று அருகிவிட்டன. 2017 நவம்பரில் தொடங்கிய நம் நகரத்து மெட்ரோ இரயில், பயணச்சீட்டு வழங்கும் பொறிகளுடன் வந்தது. அலுவலகங்கள் தோறும் தேநீர்ப் பொறிகள் நிற்கின்றன. 2022 திசம்பரில் பேகம்பேட்டையில் தங்க நாணயம் வழங்கும் பொறி ஒன்று நிறுவப்பெற்றது. அரை கிராம் முதல் நூறு கிராம் வரை அது தரும் என அறிவித்தனர். கைப்பேசியால் பணம் செலுத்தும் பழக்கம் பரவியபின், காசுத் துளையே இல்லாத பொறிகளும் வந்துவிட்டன.

காசு போயினும் பழுது போகவில்லை. சுருள் சிக்கிக்கொள்கிறது, பால் குழாய் அடைக்கிறது, பணம் கழிந்தும் பண்டம் விழாமல் நிற்கிறது. அப்போதும் பொறியைத் தட்டுகிறோம். அப்போதும் தோளில் பையுடன் ஒருவர் வந்து கதவைத் திறக்கிறார். அவர் கையில் இன்று மின்னளவியும் கைக்கணினியும் கூடியுள்ளன, திருப்புளி நீங்கவில்லை.

முடிவுரை

பிழைப்பு நாடி வேற்றூர் வந்த நாம், நம் பிள்ளைகள் பொறியியல் பட்டம் பெறுவதைப் பெருமையாகக் கொள்கிறோம், அது தக்கதே. ஆயின் அதே பிள்ளை திருப்புளி எடுத்து வீட்டு மின்விசிறியைத் திறந்தால், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று தடுக்கிறோம். பொறி செய்வோனை மதித்துப் பொறி திருத்துவோனை இகழும் இவ்வழக்கம் நமக்கு அழகன்று. திருத்துவோர் இல்லாத ஊரில் எல்லாப் பொறியும் ஒரு நாள் இரும்புக் குவியலாகும்.

அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மலரைப் படிப்போருள், பாட்டனோ தந்தையோ மாமனோ லாலாகுடாப் பட்டறையிலோ, கடிகாரக் கடையிலோ, பொருட்காட்சித் திடலிலோ பணியாற்றிய குடும்பங்கள் பல இருக்கும். அவர்தம் பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, கற்ற இடம், திருத்திய பொறி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் விட்டுச்சென்ற அரமும் குறடும் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து எண்ணெய் இட்டுப் பேரப்பிள்ளை கையில் கொடுங்கள். அடுத்த மலரிலேனும் அப்பெயர்கள் அச்சேறுமாயின், அன்று நடைமேடையில் பெயர் கேட்க மறந்த ஒருவனின் குறையும் ஓரளவு நீங்கும்.